வழக்கில் இருந்த கூடத்தில் உன் கல்யாணம்

நைனா,

நேற்று சாயங்காலம் போனில் "ஜெயிச்சுட்டோம்டா" என்று மட்டும்தான் சொன்னேன். அதற்குள் "சூப்பர்மா, ஷிப்ட்டுக்கு நேரமாயிடுச்சு, கௌசியாண்ட குடுக்கறேன்" என்று போனை அவள் கையில் திணித்துவிட்டு நீ ஓடிவிட்டாய். பாவம் அந்தப் பெண், நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் "தண்ணி குடிங்க அத்தை, மொதல்ல உக்காருங்க" என்றாள். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இங்கே என்னை உட்கார வைக்கிறாள்! நல்ல பெண்ணைக் கட்டியிருக்கிறாய். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் அறுத்துவிடுவாய். கடிதத்தை அறுக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். கௌசல்யாவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். உன் கல்யாணத்தைப் பற்றி உனக்கே தெரியாத ஒரு சேதி இதில் இருக்கிறது. படித்துவிட்டு என் மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை, முதலில் சிரித்துவிட்டுக் கோபப்படு.

மகாபலிபுரம் தாண்டிக் கடலோரத்தில் அந்தச் சமுதாயக் கூடத்தை நாம் கட்டியபோது நீ காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தாய், "இன்னாம்மா இவ்ளோ பெருசா கீது" என்றாய், டீ குடித்தாய், போய்விட்டாய். எனக்கு அது எப்பேர்ப்பட்ட கட்டடம் என்று உனக்கு அன்று புரியவில்லை. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள் நான். சித்தாளாகச் சட்டி சுமந்துதான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். உன் அப்பா தண்ணி லாரி ஓட்டினார், நான் கொத்தனாருக்குக் கலவை போட்டேன், இரண்டு பேரும் சேர்ந்து காண்ட்ராக்டர் லைசென்சு எடுத்தோம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் கால்வாய், பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு சுவர், பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை, இப்படித்தான் நம் பிழைப்பு ஓடியது. கழிப்பறை கட்டினவள் என்று ஊரில் ஒரு பேர் வேறு. முதன்முதலாக நாலு பேர் மாலையும் கழுத்துமாக நிற்கக்கூடிய ஒரு கட்டடம் என் கைக்கு வந்தது. விடுவேனா? செங்கல்லுக்குச் செங்கல் தட்டிப் பார்த்து வாங்கினேன்.

மேல் தளம் போட்ட அன்றுதான் ஒரு கோளாறு. தளக் கான்கிரீட்டை ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் ஒட்டு விழுந்து அது வழியாகத் தண்ணீர் இறங்கும். மத்தியானம் சோறு தின்று வந்து பார்த்தால் கலவை மிஷின் செத்துக் கிடக்கிறது. செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நம் ஏசுதாஸ் மேஸ்திரி, எனக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அதே மனுஷன், போட்ட இடத்தோடு நேர்கோடாக நிறுத்தினார். மறுநாள் காலையில் அந்த விளிம்பைக் கொத்தி, கழுவி, சிமெண்டுப் பால் ஊற்றி மிச்சத்தைப் போட்டார். "கவலப்படாத தங்கச்சி, ஒட்டிக்கும்" என்றார். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியபோது ஒரு சொட்டு கூடக் கசியவில்லை. நானும் மறந்துவிட்டேன். ஆனால் அந்த ஒட்டு எங்கே வந்தது தெரியுமா? நேராக மேடைக்கு மேலே. இதை நினைவில் வைத்துக்கொள்.

வேலை முடிந்தது. பெரியவர்கள் வந்து திறக்கப் போகிறார்கள், நாளைக்கே சாவி வேண்டும் என்று நமக்கு டெண்டர் கொடுத்த அரசாங்கத் துறை ஆபீசிலிருந்து ஆள் வந்தது. வேலை முடிந்ததற்குச் சான்றிதழ் வாங்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது என்று தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரியும். ஆனாலும் எங்கள் காண்ட்ராக்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. திறப்பு விழா என்றால் தலைகால் புரியாது. பந்தலில் நமக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள், ஒரு துண்டு போர்த்துவார்கள் என்று மனசு கூத்தாடும். நான் சாவியைச் சும்மாவா கொடுத்தேன்? தாம்பாளத்தில் தேங்காய், பூ, வெற்றிலை பாக்கு வைத்து, நடுவில் சாவியை வைத்து, கற்பூரம் காட்டிக் கொடுத்தேன்! "சர்டிபிகேட்டு அடுத்த வாரம் வாங்கிக்கோம்மா" என்றார்கள். தலையை ஆட்டினேன். துண்டும் போர்த்தினார்கள். அந்தத் துண்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. சர்டிபிகேட்டுதான் வரவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் நீ அரைகுறையாகக் கேட்டதுதான். முதல் தவணை பில் வந்தது, கடைசி பில் வரவில்லை. கேட்டால் நிதி வரவில்லை என்றார்கள். நிதி வந்தபோது எஞ்சினியர் மாறிப் போனார். புது எஞ்சினியர் பைலைப் பிரிப்பதற்குள் அவரும் மாறிப் போனார். கம்பிக் கடைக்காரருக்கு என் நகையை வைத்துக் கொடுத்தேன். ஏசுதாஸ் அண்ணனோ கூலிப் பாக்கியை ஒரு நாளும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காத மனுஷனுக்குக் கடன்பட்டவள் எப்படித் தூங்குவாள், சொல். கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் உன் அப்பா பதறினார். "தண்ணியில இருந்துகினு மொதலகிட்ட சண்ட போடுவியா? நாள பின்ன எவன் உனுக்கு டெண்டர் குடுப்பான்?" எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வது அதுதான். துறை மேல் கேஸ் போட்டவனை வீட்டுக்கு ஆகாத மருமகன் போலத் தள்ளி வைப்பார்கள் என்று ஒரு பயம்.

அந்தப் பயத்தைத் தெளிய வைத்தது யார் தெரியுமா? அதே ஆபீசில் பில் பார்க்கிற அம்மாள். நான் முப்பதாவது தடவையோ நாற்பதாவது தடவையோ போய் நின்றபோது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா சும்மா சும்மா பஸ்சுக்கு டப்பு செலவு பண்ணிகினு வர்ற? கேசப் போடு. ஆர்டர் இருந்தா நாங்களே மேல சொல்லி வாங்கித் தரலாம். ஆர்டர் இல்லாம எங்களால பேனாவ எடுக்க முடியல" என்று காதோடு சொன்னாள். நான் ஆடிப்போனேன். முதலை வாய்க்குள்ளிருந்தே ஒரு குரல் "சண்டைக்கு வா" என்று கூப்பிடுகிறது! அன்றைக்கே வக்கீல் அம்மாவைப் பார்த்து ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டேன். இதிலிருந்து உனக்கு ஒன்று சொல்கிறேன். எந்தக் கதவைத் தட்டப் பயப்படுகிறாயோ, அதற்கு அந்தப் பக்கம் இருப்பவரும் யாராவது தட்ட மாட்டார்களா என்று காத்திருக்கலாம். உன் ஆபீசிலும் சரி, வீட்டிலும் சரி.

ஆனால் துறையின் பதில் மனு வந்த அன்று எனக்கு உயிரே போய்விட்டது. எவனோ கூடத்தையே பார்க்காமல், பழைய பைலைப் புரட்டி, "பணி முழுமை பெறவில்லை, மேற்கூரையில் நீர்க்கசிவு உள்ளது" என்று எழுதிவிட்டான். வக்கீல் அம்மா எனக்குப் புரியும்படி சொன்னாள்: வேலை முடிந்ததா இல்லையா என்பதே தகராறு என்றால் ரிட்டில் தீர்க்க மாட்டார்கள், சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள். அங்கே போனால் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் தீர்ப்பு. அதுகூடப் போகட்டும். ஒழுகுகிறது என்று ஒரு வார்த்தை கோர்ட்டில் ஏறிவிட்டதே, அதுதான் என்னைத் தின்றது. பணம் வராவிட்டால் கஞ்சி குடிப்போம். "அவ கட்டுனா ஒழுவும்" என்று பேர் வந்தால் அப்புறம் நான் யார்? இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மிஷின் செத்த அந்த மத்தியானமும், மேடைக்கு மேலே வந்த அந்த ஒட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றன. கடற்காற்று, உப்பு, மூன்று மழைக்காலம். ஒருவேளை நிஜமாகவே ஒழுகுகிறதோ? சரசு, நீ கட்டினது சரிதானா என்று என்னை நானே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் கல்யாணம் கூடி வந்தது. கடற்கரை ரிசார்ட்டில் வைக்க வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். நான் சமுதாயக் கூடம் என்றேன். "ஏம்மா, இதுலகூட கஞ்சத்தனமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கஞ்சத்தனம் இல்லடா. நான் கட்டின கூடத்துக்குள் என் பிள்ளை மாலை போட வேண்டும் என்ற ஆசை. அதைச் சொல்லத் தெரியாமல் "வாடகை கம்மி" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த வாடகைக் கூத்தைக் கேள். கூடத்தைப் பதிவு செய்யப் போனால் முன்பணம் கேட்கிறார்கள். "இது எதுக்கு?" என்றேன். "கட்டடத்துக்குச் சேதாரம் ஆனா பிடிச்சிப்போம்" என்றான் அந்தப் பையன். கட்டடமே முடியவில்லை என்று கோர்ட்டில் சொல்கிறீர்கள், முடியாத கட்டடத்துக்கு வாடகை, அதில் ஏது சேதாரம்? சிரித்துக்கொண்டே கட்டிவிட்டு வந்தேன்.

பத்திரிகை அடித்ததும், வழக்கம்போல ஆபீசில் எல்லோருக்கும் தட்டு வைத்துக் கொடுத்தேன். கேஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், இத்தனை வருஷம் முகம் பார்த்தவர்களை விட முடியுமா? மனுவில் இருந்த வரிசைப்படியே போனேன். ஒன்றாம் எதிர்மனுதாரருக்கு முதலில், இரண்டாமவருக்கு அப்புறம். மூன்றாமவர் புது எஞ்சினியர், சேலத்துக்காரர், வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பத்திரிகையைப் படித்தவர் இடத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

"இந்தக் கூடமாம்மா? இது இன்னும் முடியலைன்னுல்ல பைல்ல இருக்கு?"

"முகூர்த்தத்துக்குள்ள முடிஞ்சிடும் சார், வாங்க" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் வரலாமாம்மா? மூணாவது எதிர்மனுதாரராச்சே" என்றார்.

"பந்தியில எதிர்மனுதாரருக்குன்னு தனி வரிசை கெடையாது சார். குடும்பத்தோட வாங்க."

ஐப்பசி முகூர்த்தம். முந்தின நாள் பொழுது சாயும்போதே கடல் பக்கம் கறுத்துவிட்டது. காலையில் பார்த்தால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. வாழை மரம் சாய்ந்தது, வாசல் பந்தல் பறந்தது, மேளக்காரர்கள் கோணியைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். உன் மாமனார் வேடந்தாங்கலிலிருந்து நனைந்த கோழியாக வந்து இறங்கி, "எங்க ஏரிக்கு வர்ற பறவகூட இந்த மழைக்கு மரத்த வுட்டு எறங்காது சம்பந்தி! நம்ம பசங்களுக்குத்தான் ரெக்க மொளச்சி கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது எதிர்மனுதாரர் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மனைவியோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். மேடைக்கு நேர் எதிரே.

இப்போது அந்தச் சேதியைச் சொல்கிறேன், கோபப்படாதே. நீ தாலி கட்டினதை நான் பார்க்கவில்லை.

ஐயர் "கெட்டிமேளம்" என்றார். நாதஸ்வரமும் தவிலும் மழையோடு போட்டி போட்டன. நானூறு பேரும் உன்னைப் பார்த்தார்கள். நான் உன் தலைக்கு மேலே அந்த ஒட்டுக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் தூணோரம் ஏசுதாஸ் அண்ணன், அவரும் அண்ணாந்தபடி. நான் போட்ட அட்சதை உன் மேல் விழுந்ததா? இல்லை, எல்லாம் அவர் தலையில்தான் கிடந்தது. அந்த நேரம் பார்த்து என் பிடரியில் ஜில்லென்று ஒரு சொட்டு விழுந்தது! "ஐயோ, போச்சே!" என்று கத்தியே விட்டேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தொட்டு மோந்து பார்த்தேன். பன்னீர். பின்னாலே உன் மாமா மகள் பன்னீர்ச் சொம்பைக் குலுக்கிக்கொண்டு நிற்கிறாள். அவளை அறையலாமா முத்தம் கொடுக்கலாமா என்று இருந்தது. முத்தம்தான் கொடுத்தேன்.

ஒரு சொட்டு இல்லை நைனா. அந்த ஊற்று ஊற்றியும் ஒட்டில் ஈரத்தடம்கூட இல்லை. ஏசுதாஸ் அண்ணன் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், அவ்வளவுதான், நான் தேம்பித் தேம்பி அழுதேன். பிள்ளையைப் பிரிகிற அழுகை என்று நினைத்து உன் பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "அழாதடி, அவன் எங்க போயிடப் போறான்" என்றாள். நானும் மறுக்கவில்லை. பந்தி முடிந்ததும் எஞ்சினியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடை பிடித்து மொட்டை மாடிக்கே ஏறிவிட்டார். தொப்பலாக நனைந்து இறங்கி வந்தவர் இன்னொரு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

நேற்றுதான் கேஸ் வந்தது. வக்கீல்கள் இங்கிலீஷில் என்னவோ பேசிக்கொண்டார்கள். அந்த எஞ்சினியர் ஓர் ஆய்வறிக்கை கொடுத்திருந்தார். நீதிபதி ஐயா அதைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, தமிழுக்கு மாறினார். "கனமழை பெய்துகொண்டிருந்தபோது நேரில் ஆய்வு செய்தேன், கசிவு இல்லை, ஆய்வின்போது உள்ளே சுமார் நானூறு பேர் இருந்தனர்னு எழுதியிருக்கீங்களே, யார் அந்த நானூறு பேர்?"

எஞ்சினியர் முன்னால் வந்து நின்றார். "கல்யாணத்துக்கு வந்தவங்க ஐயா."

"யார் கல்யாணம்?"

"மனுதாரரோட மகன் கல்யாணம் ஐயா."

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. அரசு வக்கீல் கூரையைப் பார்த்தார். "நீங்க ஆய்வுக்குப் போனீங்களா, சாப்பாட்டுக்குப் போனீங்களா?" என்று ஐயா கேட்டார். "ரெண்டுக்கும்தான் ஐயா. ஆனா ஒழுகலைங்கறது உண்மை" என்றார் அந்தப் பிள்ளை, தலையைக் குனியாமல். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு ஏழு தலைமுறைக்கும் சோறு போடலாம். அறிக்கையைத் துறை ஒப்புக்கொள்கிறதா என்று ஐயா கேட்டதும் அரசு வக்கீல் ஒப்புக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். தகராறு தீர்ந்தது. மூன்று மாதத்துக்குள் வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று ஆர்டர். இன்று காலையிலேயே பில் பார்க்கிற அம்மாள் போன் செய்து பேங்க் பாஸ்புக் நகல் கேட்டாள். பணம் வந்த அன்றே முதலில் ஏசுதாஸ் அண்ணன் பாக்கி, அப்புறம்தான் என் நகை.

ஆர்டரைச் சொல்லி முடித்துவிட்டு ஐயா என்னைக் கூப்பிட்டு, "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சாம்மா?" என்று கேட்டார். கோர்ட்டில் பொய் சொல்லக் கூடாதே. "நல்லா நடந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க ஐயா. நான் பாக்கல. மேலயே பாத்துகினு இருந்துட்டேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கூரை ஜெயித்துவிட்டது, பேர் நிலைத்துவிட்டது. ஆனால் என் ஒரே பிள்ளை தாலி கட்டின அந்த நிமிஷம் எனக்குக் கிடையாது, இனி எந்தக் கோர்ட்டும் அதை எனக்குத் திருப்பித் தராது. உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். வேலையில் எதையும் எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதே. வீட்டில் கௌசல்யாவிடம் எதற்கும் கையெழுத்துக் கேட்காதே, சாவியை முதலில் கொடுத்துவிடு. அவள் பேசும்போது உன் கண் வேறு எங்கேயும் போகக் கூடாது. இழப்பு என்னவென்று தெரிந்தவள் சொல்கிறேன்.

தை பிறந்ததும் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வாருங்கள். தாலி பிரித்துக் கோர்க்க வேண்டும், அது என் கையால்தான் நடக்க வேண்டும். கூடம் வேண்டாம், ரிசார்ட்டும் வேண்டாம், நம் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம். நீ கௌசல்யா பக்கத்தில் உட்கார், நான் எதிரே உட்கார்ந்து உங்கள் இரண்டு பேர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். மழை வந்தாலும் மேலே பார்க்க மாட்டேன். நம் வீட்டுக் கூரை உன் அப்பா போட்டது. அது ஒழுகும் என்று எனக்குத் தெரியும்.